தனியாக வரச் சொன்னார்கள்

கொட்டாவி விட்டபோதுதான் முதலில் வலித்தது. இடது விலாவுக்குள் யாரோ ஊசியைச் செருகி உடனே உருவியதுபோல இருந்தது. அப்போது செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவ மேற்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். படிப்பு என்று பெயர். பெரும்பாலும் வார்டு வேலைதான். சதைப்பிடிப்பு என்று நானே முடிவுகட்டி, மாத்திரை போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸுக்குப் போனேன்.

சில நாட்களில் வலி தானாகவே போய்விட்டது. இதைப் படிப்பவர் பயிற்சி மருத்துவராக இருந்தால் ஒன்று சொல்வேன்: வலி வந்ததைவிட, அது போனதைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளும் உரசும்வரைதான் வலிக்கும். நடுவில் நீர் கோத்துவிட்டால் உரசல் நின்றுவிடும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

பிறகு மாலைக் காய்ச்சல் வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு பிற்பகல் பணியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் ஸ்டெதஸ்கோப்பை என் விலாவில் வைத்துக் கேட்டேன். வலப்பக்கம் காற்று போய்வரும் ஓசை இருந்தது. இடப்பக்கம், கீழே, ஒன்றுமே இல்லை. ஸ்டெதஸ்கோப்பைத் தட்டிப் பார்த்தேன். அதில் கோளாறு இல்லை.

எக்ஸ்ரேயில் இடது நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது. ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலின் உறைகளுக்கு இடையே நீர் கோத்தல்). நெஞ்சக மருத்துவர் முதுகில் ஊசி செலுத்தி, வைக்கோல் நிறத்தில் இருந்த அந்த நீரை எடுத்தார். காசநோய் என்று முடிவு வந்தது.

"சளியில கிருமி இல்ல, யாருக்கும் பரவாது. ஆறு மாசம் மாத்திரை. இப்போதைக்கு வீட்டுக்குப் போய்ப் படு" என்றார் அந்த அம்மா.

"வார்டுல இருந்து வந்ததா மேடம்?"

அவர் கையுறையைக் கழற்றினார். "வாய்ப்பு அதிகம்தான். ஆனா நிரூபிக்க முடியாது. உன்னாலயும் முடியாது, அவங்களாலயும் முடியாது."

அவங்க என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வார்டில் ஏசி பொருத்தியபோது ஜன்னல்களை ஆணியடித்து மூடினார்கள். ஏசி பழுதாகி வெகுகாலமாகியும் ஆணிகள் அப்படியே இருந்தன. இருமலோடு வருகிறவர்களைப் பரிசோதனை முடிவு வரும்வரை அங்கேதான் வைத்திருந்தோம். அவர்கள் முகத்தருகே குனிந்துதான் நான் தினமும் நெஞ்சைக் கேட்டேன்.

துறைத்தலைவர் என்னைப் பார்க்க வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். "எந்த ஊர்மா நீ?" என்றார். வேடந்தாங்கல் பக்கம் என்று சொல்லி, ஊரின் பெயரையும் தெருவையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கேட்டார்: "வீட்ல யாருக்காவது இந்த நோய் இருந்ததா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுப் பாரு." கொஞ்சம் நிறுத்தினார். "சரி, ஹாஸ்டல் சாப்பாடும் சரியில்ல. இதைப் பெரிசு பண்ணாதம்மா. லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கெட்டவர் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த ஆப்பிளைச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னவர் சதீஷ். எலும்பு மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர். பயிற்சி மருத்துவர் சங்கத்தின் செயலாளர். அதுவரை நான் அவரிடம் பேசியதே இல்லை. எங்கள் ஊருக்கே தேடி வந்தார். சாதாரண லீவு என்றால் படிப்பு அரை வருடம் தள்ளிப்போகும், என் வகுப்போடு தேர்வு எழுத முடியாது. பணியால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டால் அந்த நாட்களைப் பணிநாளாகவே கணக்கில் எடுக்க முடியும் என்றார்.

"எங்கப்பா வேலைக்குப் போகும்போது சட்டையில ஒரு பேட்ஜ் குத்திக்குவார், ஜெசி. கதிர்வீச்சு எவ்ளோ பட்டுச்சுன்னு அது காட்டிடும்" என்றார், கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் வளர்ந்த அவர். "நம்ம வார்டுல நீ என்ன மூச்சு இழுத்தேன்னு யார் அளந்தாங்க?"

அன்று அழுதுவிட்டேன். படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொல்லாதது அது.

அவர் போனதும், சிறுசேரிக்கு ஷட்டில் வேன் ஓட்டும் என் அண்ணன் டேனியல் கேட்டான். "அந்த ஆளு உனுக்கு இன்னா வேணும்? எதுக்கு இம்மாந்தூரம் ஓடியாறான்? சங்கத்துல எலக்சன் எதுனா வருதா?"

"இன்னாடா பேசிகினு கீற? நல்லதுக்குதான வந்துச்சு அந்தப் புள்ள" என்றாள் அம்மா. ஆனால் அண்ணனின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. விசாரித்தேன். எலக்சன் வரத்தான் இருந்தது.

மறுபரிசோதனைக்குப் போன அன்று மருத்துவமனை கேன்டீனில் சதீஷைப் பார்த்தேன். துறைத்தலைவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறைவாக நடந்து வெளியே வந்துவிட்டேன்.

ஊரில் எனக்கென்று தனி டம்ளர் வைக்கும் வீடுகள் முளைத்தன. பரவாது என்று நான் சொன்னால், டாக்டருக்கே வந்துவிட்டதே என்றார்கள். அம்மா என்னை மாமல்லபுரத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். சித்தி ஒரு ஓட்டலில் படுக்கைவிரிப்புகள் துவைக்கும் வேலை பார்க்கிறாள். அவள் எதையும் விசாரிக்காமல் தன் டம்ளரிலேயே எனக்கும் காபி ஊற்றினாள்.

அங்கே இருந்தபோதுதான் துறைத்தலைவர் போன் செய்தார். "படிப்பை விட்டுடலாம்னு யோசிக்கிறியாமே? அவசரப்படாத. ஆனா உன் முடிவுதான், நான் குறுக்கே நிக்க மாட்டேன்." என் லீவைப் பற்றி முடிவுசெய்யும் கூட்டத்துக்கு ஒரு நாளும் சொன்னார். "தனியா வா. நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்."

படிப்பை விடும் யோசனையை நான் சொன்னது ஒரே ஒருவரிடம்தான்.

சதீஷை வரச் சொன்னேன். கடற்கரைக் கோயிலுக்குத் தள்ளி, படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தோம். நேராகக் கேட்டேன். "அவர்கிட்ட சொன்னீங்களா அண்ணா?"

"சொன்னேன்." மறுக்கவே இல்லை. "ஒரு சீட் காலியானா, ஏன்னு மேல இருந்து கேள்வி வரும். அந்தப் பயம் அவருக்கு வரட்டும்னுதான் சொன்னேன்."

"அவர் பயப்படல. சந்தோஷப்பட்டாரு."

அவர் மணலைப் பார்த்தார்.

"என் வாழ்க்கைய வெச்சு நீங்க பேரம் பேசியிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார். "எலக்சனுக்காகத்தான் வந்தேன்னு நீ நினைக்கிறது தெரியும். அதுவும் கொஞ்சம் இருக்கு. அதுக்காக நான் சொன்ன ரூல் பொய்யாயிடாது."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் யாரும் என்னிடம் அவ்வளவு நேராகப் பேசியதும் இல்லை.

கூட்டத்தில் துறைத்தலைவரும் நிர்வாக அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். சதீஷும் என்னோடு உள்ளே வந்ததைப் பார்த்துத் துறைத்தலைவர் சிரித்தார். "நாம எல்லாம் ஒரே குடும்பம். இவர் எதுக்கு? வெளிய இருக்கட்டுமே, ஜெசி?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரையும் நான் நம்பவில்லை. ஆனால் சதீஷ் வெளியே போனால் அந்த அறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

"அவர் இருக்கட்டும் சார்" என்றேன்.

வீட்டில் யாருக்காவது நோய் இருந்ததா என்று துறைத்தலைவர் மறுபடியும் கேட்டார். "ஏற்கெனவே கேட்டீங்க சார். இல்லைன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் வீட்டைத்தான் கேக்குறீங்க. வார்டைப் பத்தி ஒரு தடவைகூடக் கேக்கலையே?" சதீஷ் அந்த நேரத்தில்தான் பேசினார். ஜன்னல்களைப் பற்றி மட்டும் பேசினார், சத்தம் போடாமல். அதிகாரி குறுக்கிட்டு, எந்த ஜன்னல் என்று கேட்டார்.

வார்டில் வந்த நோய் என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 'சிறப்பு நேர்வு' (ஸ்பெஷல் கேஸ்) என்று ஒரு பெயர் வைத்தார்கள். என் வகுப்போடு தேர்வு எழுதலாம், பிறகு சில மாதங்கள் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். முழு நியாயம் இல்லை. ஏற்றுக்கொண்டேன்.

நான் திரும்பிச் சேர்ந்தபோது வார்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. மரச்சட்டத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் இருந்தன. எப்போது, யார் சொல்லி என்று யாருக்கும் தெரியவில்லை. "இன்ஸ்பெக்‌ஷன் வருது. அதுக்காகவும் இருக்கலாம்" என்றார் சதீஷ். இருக்கலாம்.

சிகிச்சை முடிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இடது கீழ்மூலை மழுங்கியிருக்கிறது (உறை தடித்துப்போன தழும்பு). அது அப்படியேதான் இருக்கும். ஆழமாக மூச்சிழுத்தால், முடியும் இடத்துக்குச் சற்று முன்பே ஏதோ பிடித்து நிறுத்துகிறது. முன்பெல்லாம் உடம்பு சொன்னதை அலட்சியம் செய்துவிட்டு, மேலே இருப்பவர்கள் சொன்னதை நம்புவேன். இப்போது பதவிசாக யாராவது பேசினால்தான் முதலில் விழித்துக்கொள்கிறேன். இது நோயின் மிச்சமா, குணமானதன் அடையாளமா என்று தெரியவில்லை.

போன வாரம் முதலாமாண்டு மாணவி நிவேதா வார்டில் என்னிடம் வந்தாள். வேலை நேரத்தைப் பற்றி ஏதோ புகார் சொல்லியிருக்கிறாள். "தனியா வந்து பாக்கச் சொல்றாங்கக்கா" என்றாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். தலையாட்டினாள்.

இரண்டாம் மாடி ஏறும்போது இடப்பக்கம் பிடித்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

"லேட்டாயிடும்க்கா" என்றாள்.

"ஆகட்டும்" என்றேன். மூச்சு முழுதாக வந்த பிறகு அடுத்த படியில் கால் வைத்தேன்.