ஒரு நாள் போட்டுப் பார்த்துக் கொடுத்தவர்

யோகமலர் அக்கா செவ்வாய்க்கிழமை காலை காலமானார். செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவள் கட்டைபறிச்சானில் இருக்கும் என் தங்கை வசந்தி. அக்காவின் மகள் முதலில் அவளை அழைத்திருக்கிறாள், பிறகுதான் என்னை நினைத்திருக்கிறாள். அதில் எனக்கு மனக்குறை உண்டு.

ஆனால் வசந்தி எனக்குத் தொலைபேசி எடுத்ததே அக்காவின் வேலைதான். அக்கா தலையிடுமுன் ஒன்பது வருடங்கள் நானும் அவளும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. எங்கள் அப்பா மாரிமழையில் இறந்தபோது, அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்த நான் வந்து சேருமுன் தகனத்தை முடித்துவிட்டார்கள். மகன் நான் இருக்க, கொள்ளி வைத்தவர் வசந்தியின் கணவர். அதை மறக்கிற ஆள் நானில்லை.

அக்கா திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் பதினேழு வருடங்கள் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர். பக்கத்து யன்னலால் பார்த்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தெரியும். அந்தப் பதினேழு வருடத்தில் என்னைத் தாண்டி மேலே போனவர்கள் பலர். அவர்களுக்கு நான் அஞ்சலிக் கட்டுரை எழுதப்போவதில்லை. அக்கா என்னைத் தாண்டிப் போகவில்லை என்பதற்காக மட்டும் இதை எழுதவுமில்லை.

மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்து, மேசையைத் துடைத்து, குறடுகளை எடுத்து வைப்பார். மோட்டார் சுற்றும் கடைகளில் மிஞ்சுகிற செப்புக் கம்பி, அறுந்த மாலைகளிலிருந்து சேர்த்த கண்ணாடி மணி, இவைதான் அவருடைய முதல். நூலில் கோர்ப்பது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகக் கம்பி வளைத்து அடுத்த மணியில் கொழுவுவார். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற மணிகள் சிதறாது. கிண்ணியாவிலிருந்து கலியாணப் பெண்களின் தாய்மார் தேடி வருவார்கள்.

செய்த நகையை உடனே கொடுக்க மாட்டார். காலையிலிருந்து மாலை வரை ஒரு நாள் முழுக்கத் தானே போட்டுக்கொண்டு வேலை செய்வார். கம்பியின் வெட்டிய நுனி எங்காவது கடித்தால் அன்றிரவு கழற்றித் திருத்துவார். "கண்ணுக்கு எல்லாம் வடிவாத்தான் தெரியும். கழுத்துத்தான் உண்மை சொல்லும்" என்பார். அதனால் ஊரார் நகையெல்லாம் அவர் கழுத்தில் முறை வைத்து வந்து போகும். ஒருமுறை பணிப்பாளரின் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்து, தான் செய்யச் சொன்ன பச்சை மணி மாலையை அக்காவின் கழுத்தில் கண்டார்.

"இது என்ர மாலை எல்லோ?"

"ஓம் அம்மா. இண்டைக்கு மட்டும் என்ர."

நாங்கள் கோப்புகளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டோம். அந்த அம்மா கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில், நாங்கள் கொடுத்த தேநீர் புரைக்கேறியது.

அக்கா ஓய்வுபெறுவதற்கு முந்திய மாதம் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். தோல் வருத்தமாம், எதுவும் போட ஏலாதாம். கையில் நீல மணி மாலை ஒன்று. அதை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இண்டைக்கு நீங்கள் போடுங்கோ."

அலுவலகத்தில் ஆறு பெண்கள் இருக்க என்னிடம் ஏன் என்று கேட்டேன்.

"அவையள் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லுவினம். குறை கண்டுபிடிக்க உங்களை மாதிரி இந்தக் கந்தோரில ஆள் இல்லை."

இருபது வருடச் சேவையில் என் திறமையை ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது அன்றுதான். சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். கழுத்தோரம் நீலம் தெரிந்து ஆறு பேரும் சிரித்தார்கள். மாலையில் என் முடிவை எழுத்தில் கொடுத்தேன்: பின்கழுத்துக் கொழுக்கி குத்துகிறது, இடப்பக்கம் ஐந்தாம் மணியடியில் கம்பி நுனி கடிக்கிறது. அக்கா அந்தத் தாளைக் கவனமாக வாசித்து, இரண்டையும் என் முன்னாலேயே திருத்தினார். பிறகுதான் சொன்னார்.

"இது கட்டைபறிச்சான் பிள்ளைக்கு. உங்கட தங்கச்சி தன்ர மகளுக்குச் செய்யச் சொன்னவ. வாற வெள்ளி தண்ணி வார்க்கினம்."

மருமகள் பெரியபிள்ளையான செய்தியே எனக்கு வந்திருக்கவில்லை. முதல் தண்ணீர் தாய்மாமன் வார்க்க வேண்டும். எனக்கு முகம் சிவந்தது. ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்தினேன். கொள்ளிக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அதை அவர் முன்னமும் பல தடவை கேட்டவர். இம்முறையும் முழுவதையும் கேட்டார்.

"பிள்ளைக்குக் கடிக்கக் கூடாதெண்டு ஒரு நாள் முழுக்கச் சுமந்தீங்கள் தம்பி. தண்ணியையும் நீங்களே வாருங்கோ."

"அவள் என்னைக் கூப்பிடேல்லையே?"

"கூப்பிட்டு நீங்கள் வராட்டி அந்த வெட்கத்தை அவ எங்க கொண்டுபோய் வைக்கிறது? மாமன் வருவார் எண்டு நான் சொல்லிப்போட்டன்."

வெள்ளிக்கிழமை போனேன். வசந்தி என்னைக் கண்டு, கையில் இருந்த தட்டத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, குசினிக்குள் ஓடி அழுதாள். நான் தண்ணீர் வார்த்தேன். நீல மாலையில் மருமகள் ராணி மாதிரி இருந்தாள். முன்வரிசையில் அக்கா இருந்தார். கழுத்தில் துணியுமில்லை, வருத்தமுமில்லை. வேறு யாருடையதோ சிவப்பு மணி மாலை இருந்தது.

நேற்று அக்காவின் ஊரான கப்பல்துறையில் அவருடைய இறுதிக் கிரியைகள் நடந்தன. முடிந்தபின் வசந்தியை மூதூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சீனன்குடாவுக்கு வந்தேன். நிற்கும்போது பேச்சு அப்பாவின் தகனத்துக்குப் போனது. எனக்காக ஒரு நாள் காத்திருந்திருக்கலாம் என்றேன்.

"ரெண்டு நாள் பாத்தனாங்கள் அண்ணா. மூண்டாம் நாள் வெள்ளம் வாசல்படிக்கு வந்திட்டுது. அப்பாவைக் கட்டிலோட தூக்கி மேசையில வைச்சனாங்கள்" என்றாள்.

அந்த மேசையைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. கேட்டதுமில்லை. என்றாலும் மூன்றாம் நாள் மாலையில் நான் வந்துவிட்டேன் என்றேன். அவளும் விடவில்லை. பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, கையசைத்துப் போகச் சொன்னாள். மூன்றாவதில் ஏறி, யன்னலால் தலையை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது மிச்சத்தைச் சொல்கிறேன் என்றாள்.

அக்கா, நாங்கள் சண்டைதான் பிடிக்கிறோம். ஆனால் கதைக்கிறோம். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.