பூ விரியும்வரை புடவை

என் பீரோவில் ஒரு பட்டுப்புடவை இருக்கிறது. உடலெல்லாம் வெளிர்மஞ்சள், கரை மட்டும் அரக்குச் சிவப்பு. எனக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் பள்ளி உயிரியல் டீச்சர். புடவைக் கடைக்குள் நுழைந்தால் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறவர், அன்றைக்கு மட்டும் அரை நாள் எடுத்துக்கொண்டார்.

வேலூர் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டி ஒரு கல்மேடு. காய்ந்து கிடக்கும் அந்த மேட்டில் அவர் ஒரு புதரைக் கண்டுபிடித்திருந்தார். செம்பருத்திக்கும் துத்திக்கும் உறவுக்காரச் செடி, மிக அரிது, இந்தப் பக்கம் வேறெங்கும் இல்லை என்பார். இலை அச்சு அசல் துத்தி என்பதால் எங்கள் ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயரே ‘துத்தி டீச்சர்’. சாலையை அகலப்படுத்த இரண்டே நாளில் மேட்டை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி வேலூரிலிருந்து வன அதிகாரி அம்மாவை வரவழைத்தார். நானும் துணைக்குப் போனேன்.

அதிகாரி வந்தது காலையில். பூவெல்லாம் மூடிக் கிடந்தது. “இது துத்திதாங்க. எங்க பாத்தாலும் மொளைச்சிகினு இருக்குது” என்றார். போட்டோவைக் காட்டினால், எங்கே எடுத்ததோ என்றார்.

“நாலு மணிக்குத்தான் மேடம் விரியும்.”

“அதுவரைக்கும் இந்த வெயில்ல நிக்கச் சொல்றீங்களா?”

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. “எங்க வீடு ஆரணிகிட்ட சேவூருங்க மேடம். தறியில இருந்து எறக்கின புடவைங்க இருக்குது. வந்து பாருங்க, பாக்கறதுக்குக் காசா பணமா?”

அதிகாரியின் ஜீப் ஆரணிப் பக்கம் திரும்பியது. அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. டீச்சர் ஒவ்வொரு புடவையையும் பிரிக்கச் சொன்னார். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார், நிழலில் பார்க்க வேண்டும் என்றார். அதிகாரிக்கும் ஆசை பற்றிக்கொண்டது. என் கணவர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, “இன்னாடி இது பேஜாரு? வாங்கறாங்களா இல்லியா?” என்று முறைத்தார். கடைசியில் டீச்சர் இந்த மஞ்சளை உருவி என் மடியில் போட்டார். “இது உங்களுக்குத்தான். ஏன்னு போற வழியில தெரியும்.”

திரும்பும்போது மேட்டருகே ஜீப் நின்றது. புதர் முழுக்கப் பூ. வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் அரக்குச் சிவப்பு. அதிகாரி முந்தானை முள்ளில் மாட்டுவதைக்கூடக் கவனிக்காமல் மேலேறினார். ஒவ்வொரு பூவாகப் பார்த்தார். “துத்தி இல்லீங்க” என்றார். அங்கேயே நின்று போன் போட்டு, மேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இப்போது சாலை அகலமாகிவிட்டது, அந்த மேட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது. டீச்சர் மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறார். வேலூரில் கல்யாணம் என்றால் நான் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில்தான் போவேன். போன வாரம் வளைவில் பஸ் சாய்ந்தபோது, பக்கத்து சீட்டு அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எரிந்து விழுந்தார்.

“நேரா போற ரோட்ட எவன் இப்பிடி வளைச்சி வெச்சான்?”

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். “நாங்கதாங்க வளைச்சோம்.”