சும்மாட்டின் மேல் வைத்த ஹெல்மெட்

போன வருஷம் மழை இறங்கின சமயம், குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டை உடைந்து விழுந்தேன். சபையாரே, அது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அதன் பிறகு கர்த்தர் என்னை நடத்தின விதத்தை நானே சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நானும் என் மனைவி மெர்சியின் தம்பி ஸ்டான்லியும், பால் வற்றிய ரப்பர் மரங்களை மிஷின் வாளால் முறிக்கிறவர்கள். எங்களில் வெட்டுகிறவன், சுமக்கிறவன் என்ற பிரிவு கிடையாது. மரம் விழுந்ததும் துண்டு போட்டு, தோளில் கிடக்கிற துவர்த்தைச் சுருட்டிச் சும்மாடாக்கி, தடியைத் தலையிலேயே லாரிக்குச் சுமப்போம். காலையில் ஏறின சும்மாடு சாயங்காலம்தான் தலையை விட்டு இறங்கும். தோட்டக்காரர் கட்டாயப்படுத்தி ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் தந்தார். அது நெற்றியை இறுக்கியது. நாங்கள் பெரிய புத்திசாலிகள் மாதிரி அதைச் சும்மாட்டின் மேலேயே தூக்கி வைத்துக்கொண்டோம். மெத்தென்று சுகமாக இருந்தது.

அன்று நான் முறித்த மரம் சாயும்போது, பக்கத்து மரத்தில் தொங்கிக் கிடந்த காய்ந்த கொம்பு ஒன்று இறங்கியது. லேசாக உரசினதிலேயே ஹெல்மெட் தெறித்துப் போய்விட்டது. அப்புறம் கொம்பு விழுந்தது என் முன்தலையில்.

தையல் போட்டு, வீக்கம் வற்றி வீட்டுக்கு வந்தேன். உயிர் இருந்தது, வேலை இல்லை. ஹெல்மெட் இல்லாமல் மரத்தடிக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைத்தாலோ நெற்றிப்பட்டை தழும்பில் பட்டு எரியும். மெர்சி விடியுமுன்னே அண்டியாபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

ஒரு நாள், ஹெல்மெட் இல்லாமலே போகிறேன், வருவது வரட்டும் என்றேன். அவள் சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க வெறுந்தலையோட போவண்டாம். தழும்புல படாத ஒரு ஹெல்மெட்டைக் காட்டித் தாரும்னு ஆண்டவர்ட்ட கேளுங்க."

"ஹெல்மெட்டுக்கெல்லாமா ஜெபம் பண்ணுவாவ?"

"தலைமுடியை எண்ணி வச்சிருக்கவருக்குத் தலை மேல அக்கறை இல்லாமலா போவும்?"

இருவரும் முழங்காலில் நின்றோம். வெறுந்தலையோடு மரத்தடியில் நிற்கமாட்டேன், ஏற்ற ஹெல்மெட் கிடைக்காமல் ஓயவும் மாட்டேன் என்று பொருத்தனை பண்ணினேன்.

பிறகு கடை கடையாக ஏறினேன். மார்த்தாண்டத்தில் பார்த்ததெல்லாம் பழையது போலவே இறுக்கியது. ஒருவர் பைக் ஹெல்மெட்டை நீட்டினார். அதைப் போட்டால் நிமிர்ந்து மரத்தின் உச்சியைப் பார்க்க முடியாது, கொம்பு முறிகிற சத்தமும் கேட்காது. வெறுங்கையோடு பஸ் ஏறும்போது அழுகை வரும். மறுபடி ஜெபித்துவிட்டு மறுபடி புறப்படுவேன். வெட்கமாவது மண்ணாவது.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு கடை. கனம் குறைந்த ஹெல்மெட், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நாடா, பின்னால் இறுக்கவும் தளர்த்தவும் சின்னத் திருகு, தாடைக்கு வார். நெற்றிப்பட்டையை ஏற்றி இறக்கலாம். தழும்புக்குக் கீழே வரும்படி இறக்கி மாட்டினேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை உதறினேன். அசையவில்லை, எரியவும் இல்லை. கழற்றாமல் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சிரித்தார். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாடாவுக்கும் மேல் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அடியை வாங்கும் என்று அவர் காட்டினார். அந்த இடைவெளியைத்தான் நாங்கள் சும்மாட்டை வைத்து அடைத்திருந்தோம்.

ஸ்டான்லிக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவன் பழைய பழக்கத்தில் அதையும் சும்மாட்டின் மேல் வைத்தான். ஜெபித்துவிட்டுத்தானே மரத்தில் கை வைக்கிறோம், அத்தானுக்கு விசுவாசம் குறைந்துபோச்சா என்று கேலி வேறு. நான் மிஷின் வாளைக் கீழே வைத்துவிட்டேன். மரமெல்லாம் விழுந்து தீரும்வரை சும்மாடு கூடாது, இல்லையென்றால் இன்றைக்கு வேலையே கிடையாது என்றேன். முனகிக்கொண்டே சரியாக மாட்டினான். அப்போது அவன் மனைவி முழுகாமல் இருந்தாள்.

சில வாரம் கழித்து, திற்பரப்புப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொம்பு அவன் தலையில் இறங்கியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நான் ஓடினேன். இயேசப்பா, இயேசப்பா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தான், குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாருங்க."

ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தது. அவன் தலையில் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியிலும் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று நான் அழுதது போல் என் காயத்துக்குக்கூட அழுததில்லை. நான் என் தலைக்காகத்தான் கேட்டேன். கர்த்தர் அவன் தலையையும் சேர்த்து மூடினார்.

மரத்தடியில் பிழைக்கிற என் சகோதரரே, இதையெல்லாம் ஆண்டவரிடம் கேட்கலாமா என்று கூசாதீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து கடைக்குப் போங்கள். போட்டுப் பாருங்கள், குனிந்து நிமிர்ந்து பாருங்கள். வலித்தால் திருப்பி வைத்துவிட்டு, மறுபடியும் கேளுங்கள். நாம் கேட்டு அவருக்குச் சலிக்காது.

போன மாசம் இந்தப் பீடத்தின் முன்னால் ஸ்டான்லியின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்ததே, பார்த்தீர்கள். பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றது அவள் அப்பன்தான்.