அத்தை வைத்த கணப்பு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், நாலு பெண், ஒரு ஆண். யாரும் யாரிடமும் கையேந்தியதில்லை. அந்த ஐந்தில் இரண்டாவது மகள், பிறந்த பதினோராவது நாளே என்னோடு சேர்ந்து செத்துப் போயிருக்க வேண்டியவள். நாங்கள் எப்படிச் சாகக் கிடந்தோம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்படிப் பிழைத்தோம் என்பதை மட்டும் நான் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. இப்போது நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், எழுதக் கை ஓடாது.

அந்தச் சட்டியிலிருந்து தொடங்குகிறேன். பிடி உடைந்த இரும்புச் சட்டி. மூன்று செங்கல்லை முக்கோணமாக வைத்து அதன்மேல் அதைக் குந்தவைத்து, கரி போட்டுக் கணப்பு மூட்டுவார் என் அத்தை, என் வீட்டுக்காரரின் தாயார். கடலோரச் சதுப்பில் வளரும் மரத்தைச் சுட்டு எடுத்த கரிதான் அவருக்கு வேண்டும். தட்டினால் கண்ணாடி மாதிரிச் சத்தம் வரும், நின்று எரியும். அத்தை அதை வீட்டுக்குள் வைத்துப் பற்றவைக்க மாட்டார். கொல்லைப்பக்கம் வைத்து, பாக்குமட்டையால் விசிறி, கடைசிப் புகையும் அடங்கி, கங்கின்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் உள்ளே எடுத்து வருவார். பிள்ளை பெற்றவளுக்குப் புகை இல்லாத நெருப்புதான் ஆகும் என்பார். குளிர் உள்ளே போனால் ஜன்னி கண்டுவிடும் என்று பயம். எட்டுப் பெற்றவர் அவர். எட்டுக்கும் இப்படித்தான் அவருடைய மாமியார் கணப்பு வைத்தாராம். பக்கத்து வீடுகளிலும் பிள்ளை பெற்றவளுக்குக் கணப்பு வைக்க அத்தையைத்தான் கூப்பிடுவார்கள்.

என் மூத்தவள் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பழைய பலகை லயத்தில், வேலைக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தாள். அப்போதும் அத்தைதான் கணப்பு வைத்தார். நாற்பது நாளும் சொகமாகக் கிடந்தேன். இரண்டாவதற்கு வயிறு தள்ளியிருந்த நேரம், தோட்டத்தில் எங்களுக்குப் புது வீடு கிடைத்தது. சிமெண்டுச் சுவர், கண்ணாடி ஜன்னல், தலைக்குமேல் வெள்ளைத் தகடு அடித்த சீலிங். எலி குதிக்காது, பக்கத்து வீட்டு இருமல் கேட்காது. வரிசையில் முதல் வீடு எங்களுக்குக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. அந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் இவள் பிறந்தாள். பிள்ளையை எட்டிப் பார்த்த அத்தை, "இதுவும் பொட்டையா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான் சொன்னார். உடனே தூக்கி மடியில் போட்டுக்கொண்டு காலைப் பிடித்தும் விட்டார். ஆனாலும் அந்தப் பெருமூச்சை நான் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பதினோராவது நாள் மத்தியானம் நல்ல மழை. சாரல் ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்தது. அத்தை கணப்பைக் கொண்டுவந்து என் கால்மாட்டில் வைத்தார். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கோணிச்சாக்கைத் திணித்தார். கதவுக்கு அடியிலும் ஒரு சாக்கை உருட்டி வைத்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து இடிக்க அடுப்படிக்குப் போனார். எனக்கு முதலில் சொகமாக இருந்தது. பிறகு நெற்றி கனத்தது. தூக்கம் என்று நினைத்தேன். பிள்ளை சிணுங்கியது. எடுத்துப் பால் கொடுக்கக் கையைத் தூக்கினேன், கை எழவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. பிள்ளையின் சிணுங்கல் நின்றது தெரியும். அதற்கு நான் பதறவில்லை என்பதும் தெரியும். அப்படி ஒரு மயக்கம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, முகத்தில் மழை. வாசலில் கிடக்கிறேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறார். காயத்தோடு உள்ளே வந்தவர், கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லை என்றதும் பிள்ளையைத் தூக்கி வெளியே கொண்டுவந்து போட்டிருக்கிறார். திரும்ப உள்ளே போய் என் இரண்டு கையையும் பிடித்துத் தரையோடு இழுத்திருக்கிறார். இழுக்கும்போது கால் சட்டியில் பட்டு, கங்கு முழுதும் அவர் பாதத்தில் கொட்டிவிட்டது. என் கையை அவர் விடவில்லை. வாசலில் நான் கண் திறந்தபோது அவர் வலது கால் வெந்து கிடந்தது. அது அவருக்கே அப்போது தெரிந்திருக்காது. பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

அழுகை கேட்டு வரிசை முழுதும் கூடிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் சைக்கிளில் வந்தார். என் கண்ணை இழுத்துப் பார்த்தார், அறைக்குள் போய்ப் பார்த்தார், வெளியே வந்து யார் அறையை அடைத்துக் கரி வைத்தது என்று கேட்டார். "நாந்தாங்கய்யா" என்றார் அத்தை. அத்தனை பேருக்கும் நடுவில் டிரெசர் சொன்னார்: "ரெண்டு உயிரையும் கொல்லப் பாத்தியே கெழவி."

அவர் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வரிசைப் பெண்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதும் பெண் என்று கிழவி வேலையைக் காட்டிவிட்டாள் என்று ரப்பர்ப் பால் வெட்டப் போகிற வழியெல்லாம் அதுவே பேச்சு. அத்தை வெளியே இழுத்துப் போட்டதை யாரும் பார்க்கவில்லை. கண் திறந்ததும் அவரையும் அவர் காலையும் பார்த்துப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கட்டிலருகில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "அம்மா தெரிஞ்சா செஞ்சாங்க?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்தப் பெருமூச்சுக்குக் கொஞ்ச நாள் வேகட்டும் என்று நினைத்தேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது, தள்ளித் தள்ளிப் போய்விட்டது. அவ்வளவு நாள் வாயை மூடியிருந்துவிட்டு, இனிமேல் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று என்னைத்தானே கேட்பார்கள். நான் தலை குனிந்து பழகாதவள்.

அதற்குப் பிறகு எனக்கு மூன்று பிறந்தது. மூன்றுக்கும் அத்தை என் அறை வாசலைத் தாண்டி வரவில்லை. வெந்நீரை நிலைப்படியில் வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வலது காலை இழுத்து இழுத்துத் திரும்பிப் போவார். அந்த நடைச் சத்தம் எனக்குக் கேட்கும். இரண்டாவது மகளோ வரிசைப் பேச்சிலேயே வளர்ந்தாள். அப்பாயி கையால் ஒரு மிட்டாய் வாங்க மாட்டாள். அவள் பெரிய பிள்ளையாக இருக்கும்போது அத்தை இறந்தார். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். இன்றைக்கும் அவள் வீட்டுச் சாமி அறையில் என் மாமனார் படம் இருக்கிறது, அத்தை படம் கிடையாது. நான் போகும்போதெல்லாம் அந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வருவேன்.

இப்போது அந்த மகளின் மகள், இந்தப் பேத்தி, பிள்ளை பெற்றிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சிம்பாங் பூலாய் வழியாக ஏறிப் போகிற மலையில் ஒரு பூந்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இவள், பெற்ற பிறகும் அவரோடுதான் இருப்பேன் என்றாள். மலை வீட்டில் சாயங்காலமானால் விரல் விறைக்கும். மின்சார ஹீட்டர் வைத்தால், மழைக்கு அடிக்கடி கரெண்டு போய்விடுகிறது. அதனால் விறகு, கரி எதைப் போட்டாலும் எரிகிற ஒரு அடுப்பு வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். மகள் ஒரே பிடியாக நின்றாள், பிள்ளை இருக்கப் போகிற வீட்டுக்குள் நெருப்பே கூடாது என்று. கடைசியில் பேத்தி எனக்குப் போன் போட்டாள். "பாட்டி, நீங்க வந்து பாத்துச் சொன்னாதான் அம்மா கேப்பாங்க லா."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெருப்பைப் பற்றி என்னைத்தான் கேட்பார்கள் என்பதில் பெருமையும் இருந்தது. மகள், மாப்பிள்ளை, நிறைமாத வயிற்றோடு பேத்தி, நான் என நாலு பேரும் ஈப்போவில் ஒரு பட்டறைக்குப் போனோம். இரும்புக் கேட்டும் கொதிகலனும் அடித்துக் கொடுக்கிற இடம். பட்டறை முதலாளி, தவுக்கே, என் வயசுக்காரர், சீனர். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசினார். இரண்டு இரும்பு அடுப்பு காட்டினார். ஒன்று பீரோ உயரம், முன்னால் கண்ணாடி. மாப்பிள்ளைக்கு அதன்மேல்தான் கண். இன்னொன்று சின்னது, கட்டை குட்டையாக நாலு காலில் நின்றது. நான் கதவைத் திறந்து உள்ளே கையைவிட்டுப் பார்த்தேன். அடியில் கம்பித் தட்டு, அதற்குக் கீழே சாம்பல் பெட்டி, காற்று போக மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு. விறகு போடும்போது சாம்பலைக் கொஞ்சம் படுக்கையாக விட்டு மேல் காற்றைத் திறக்க வேண்டும், கரி போடும்போது சாம்பலை வழித்துவிட்டு அடிக்காற்றைத் திறக்க வேண்டும் என்றார் தவுக்கே. அது எனக்கே தெரியும் என்றேன். அவர் சிரித்தார். பெரிய அடுப்பைச் சின்ன அறையில் வைத்தால், சூடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்து வைப்பீர்கள், அது புகைந்து குழாயில் தார் பிடிக்கும் என்றும் சொன்னார். சின்னதையே எடுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை முகம் வாடியது.

பிறகு தவுக்கே வீட்டைப் பற்றிக் கேட்டார். சீலிங் இருக்கிறதா, ஜன்னல் எத்தனை, சுவர் எதனால் கட்டியது என்று. அடுப்பு வாங்க வந்தால் வீட்டை ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"அக்கா, பழைய லயத்துல சுவருக்கு மேல தொறந்து கெடக்கும்ல, கெட்ட காத்து எல்லாம் அப்படியே மேல போயிரும். நீங்க எதை வேணும்னாலும் எரிக்கலாம். சிமெண்டு வீட்டுல சீலிங் அடிச்சப்புறம் அது எங்க போகும்? அதான் குழாய் வேணும்."

நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பலகை லயத்தில், சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் ஒரு கை அகலம் வானம் தெரியும். என் மூத்தவளோடு அதைப் பார்த்துக்கொண்டேதான் நாற்பது நாள் கிடந்தேன். அத்தை வைத்தது அதே சட்டி, அதே கரி, அதே கை. மாறியது வீடு. நான் தலைக்கனத்தோடு குடிபோன அந்த வெள்ளைச் சீலிங். வேண்டுமென்று செய்யவில்லை என்று அன்றே எனக்குத் தெரியும். ஆனால் எங்கோ ஒரு கவனக்குறைவு, ஒரு அலட்சியம் என்று அத்தைமேல் ஒரு பங்காவது பழியை வைத்துத்தான் என் மௌனத்தைக் காப்பாற்றி வந்தேன். அந்த ஒரு பங்கும் அன்று போயிற்று.

பக்கத்தில் நின்ற மகள் தவுக்கேயிடம், "எங்க அப்பாயி இதெல்லாம் தெரிஞ்சுதான் கதவ அடச்சுச்சு" என்றாள், வேடிக்கை மாதிரி. வாயைத் திறந்தேன். பட்டறையில் வேற்று ஆட்களும் நின்றார்கள். மறுபடியும் மூடிக்கொண்டேன்.

அடுப்பு மலைக்கு வந்தது. குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், கூரைக்கு மேலே ஒரு ஆள் உயரம் நிற்கிறது. முதல் நெருப்பை நான்தான் வைத்தேன், பேத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே, ஆளில்லாத அறையில். எரிய விட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்புக் கதவு இடுக்கில் பிடித்தேன். புகை என் பக்கம் வராமல் அடுப்புக்குள் இழுத்துக்கொண்டு போனது. குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் பிடித்துப் பார்த்தேன். அப்படியும் ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறார், காற்று கெட்டால் அது கத்துமாம். கத்தட்டும். இந்த இருபது நாளில் ஒரு தரமும் கத்தவில்லை. மழை பெய்கிறது, பிள்ளையின் உள்ளங்கால் வெதுவெதுவென்று இருக்கிறது. பயமில்லாமல் நெருப்புப் பக்கத்தில் உட்கார எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

அத்தை இந்த அறைக்குள் வந்திருந்தால் முதலில் அந்தக் குழாயைத்தான் அண்ணாந்து பார்த்திருப்பார். யாரும் சொல்லியிருந்தால் புரிந்துகொள்கிற ஆள்தான். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்காக நானும் சொல்லவில்லை. அவர் என்னைக் கொல்லப் பார்க்கவில்லை. என்னையும் என் மகளையும் நெருப்பை மிதித்து வெளியே இழுத்துப் போட்டவர் அவர்தான். கேட்ட அன்றைக்குச் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது நான்.

எழுதிவிட்டாயா, தாயி? கண்ணைத் துடைத்துக்கொள், அழுதால் பால் குறையும். உன் அம்மா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளை இங்கே கூப்பிட வேண்டாம், கதவை மட்டும் நன்றாகத் திறந்து வை. இப்போது முதலிலிருந்து வாசி. அவளுக்குக் கேட்கிற மாதிரி வாசி.