எஞ்சினைக் குறைத்துக் கேட்ட கதை

போன கிழமை சுருவில் கிராமத்தில் எங்கள் வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு தடித்த நாவல் அகப்பட்டது. கடற்தண்ணீர் பட்டுப் பட்டுத் தாள்களெல்லாம் அப்பளமாகப் பொருமியிருந்தன. மூக்கருகே கொண்டுபோனேன், டீசல் மணம் இன்னும் போகவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த ஆஸ்பத்திரித் துண்டும் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் போனதே இல்லை.

நாவல் விஷயத்தில் என் குணம் அப்படி. சமைத்துச் சாப்பிட்டுச் சண்டை பிடிக்கிற மனிதர்கள் வந்தால், அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் எழும்பமாட்டேன். கதாநாயகன் யன்னலடியில் நின்று மூன்று பக்கத்துக்கு மழையைப் பார்த்தானென்றால் மூடிவிடுவேன். மழையை நானே பார்த்துக்கொள்வேனே. ஆனால் அந்தக் காலத்தில் இதை வெளியே சொல்வதில்லை. எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைக்கமாட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

முதல் வேலை அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில். காலையில் ஊர்காவற்றுறையில் படகேறித் தீவுக்குப் போய்ப் பின்னேரம் திரும்பவேண்டும். படகில் எனக்குப் பக்கத்தில் ரீற்றா அக்கா இருப்பார். தீவு ஆஸ்பத்திரியில் வேலை. படகில் எழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் இரவு நான் வாசித்ததைக் காலையில் கதையாகச் சொல்லவேண்டும். எஞ்சின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. காதலையும் கத்தித்தான் சொல்லவேண்டும். அப்படிக் கத்திக் கத்தி முழுப் படகுக்கும் கதை தெரிந்துபோயிற்று. முக்கியமான இடம் வந்தால் படகோட்டி சிவம் அண்ணை எஞ்சினைக் குறைப்பார். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அதிபரிடம் நான் எதிர்க்காற்று என்பேன்.

இந்த நாவலில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண், மாமன் வீட்டில் வாசல் தாண்ட வழியில்லாத வேலைக்காரியாக இருந்தாள். ரீற்றா அக்கா அவளில் உயிரையே வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கதாநாயகன் யன்னலடிக்குப் போனான். நான் மூடிவிட்டேன். மறுநாள் படகில் கால் வைக்க முதலே அக்கா கேட்டார்.

"பிள்ளை, அவளை மாமன் வெளியிலை விட்டவனோ?"

முடிக்கவில்லை என்று சொல்ல வெட்கம். "ஓம் அக்கா, விட்டிட்டான்," என்றேன்.

தொடங்கிய பொய் நிற்குமா? மூன்று கிழமை கதையை நானே ஓட்டினேன். அவளைத் தையல் பழக்கினேன். சந்தையடியில் கடை போட்டுக் கொடுத்தேன். மாமன் சட்டை தைக்க அந்தக் கடைக்கே வந்து நின்ற அன்றைக்குச் சிவம் அண்ணை எஞ்சினை முழுதாகவே நிறுத்திவிட்டார். ரீற்றா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசம்.

வினை, புதிதாக மாற்றலாகி வந்த போஸ்ற்மாஸ்ரர் உருவில் வந்தது. படகில் கதையின் முடிவைக் கேட்டவர், புத்தகத்தை ஒருக்கால் தரமுடியுமா என்றார். கொடுக்காமல் இருக்க ஏலுமா? நான்கு நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏமாற்றிவிட்டேன் என்று தெரிந்தால் அக்கா இனி என்னிடம் கதை கேட்பாரா? ஐந்தாம் நாள் இறங்குதுறையில், அக்கா வரமுதல், போஸ்ற்மாஸ்ரர் புத்தகத்தை நீட்டினார்.

"டீச்சர், இதிலை அந்தப் பிள்ளை காய்ச்சலிலை செத்தெல்லோ போகுது."

நான் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் ஒளித்தேன்.

"ரீற்றா அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார். "தையல் கடையே இருக்கட்டும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன்பிறகு நான் இடையில் விட்ட நாவல்களையெல்லாம் அந்தப் படகில்தான் முடித்துவைத்தோம். போஸ்ற்மாஸ்ரரும் கைகொடுத்தார். ஒருவரையும் சாகவிடவில்லை.

புத்தகத்தைக் கண்ட ஆசையில் முந்தாநாள் அனலைதீவுக்கு ஒருமுறை போய்வந்தேன். ரீற்றா அக்கா இப்போது கனடாவில் மகளோடு; சிவம் அண்ணை கடலை விட்டு மாடு வளர்க்கிறார். படகு புதிது. எல்லோர் காதிலும் ஒவ்வொரு வயர். பக்கத்தில் இருந்த பிள்ளை போனைப் பார்த்துத் தனியே சிரித்தது. என்ன கதை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. எஞ்சின் ஓரிடத்திலும் குறையவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்க முதலே நாங்கள் இறங்கிவிட்டோம்.