சுவிஸ்காரன் துவக்கு

சீசா என்ற இத்தாலிய நகர்ப்பகுதியில் நான் பராமரிக்கும், 'சிஞ்ஞோர்' என்று நான் கூப்பிடும் கிழவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இயந்திர வரைபடம் படிப்பித்தவர். சாப்பாட்டு மேசைக்கு மேலே, அவரே கீறிய ஒரு பெரிய துவக்கின் படம் தொங்கும். போருக்குத் தப்பி வந்த எனக்கு, தினமும் துவக்குக்குக் கீழே இருந்து சாப்பிட வேண்டிய விதி! முதல் மாதம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே இருந்தேன்.

அவருடைய மகள் பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார், மருந்துகளைப் பார்ப்பார், போய்விடுவார். மற்ற நாள்களில் வீட்டில் நாங்கள் இருவர்தான். மறதி நோய் வந்த மனிதர் பகல் முழுக்க வாய் திறக்கமாட்டார். எனக்கோ கதைக்காவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

படத்தின் அடியில் ஒரு சுவிஸ் ஊரின் பெயர் இருந்தது. ஒருநாள் சும்மா, "இது சுவிஸ்காரன் துவக்குத்தானே, சிஞ்ஞோர்?" என்றேன்.

கரண்டியால் மேசையில் அடித்தார். "செய்தது மட்டும்தான் அங்கே! யோசித்தவர் மெக்சிக்கோ இராணுவ அதிகாரி!"

பிறகு ஓயவேயில்லை. மற்றச் சிப்பாய்கள் கையால் இழுத்து இழுத்துச் சுட்ட காலத்தில், இதில் வெடித்த வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுமாம். மெக்சிக்கோவில் செய்ய வசதியில்லை. சுவிசில் செய்வித்தால் விலை கட்டுப்படியாகவில்லை. மெக்சிக்கோ வாங்காத மிச்சத்தை ஜேர்மன்காரர் வாங்கி விமானிகளுக்குக் கொடுத்தார்களாம். "மண் பட்டால் சிக்கிக்கொள்ளும். ஆகாயத்தில் ஏது மண்?" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் தினமும் மதியம் வேண்டுமென்றே அதே பிழையைச் சொன்னேன். "ஒன்றும் தெரியாதவளே!" என்று திட்டுவார். ஆசையாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

தேவாலயத்தில் பூசை முடிந்து இதைச் சொன்னபோது, கூட வந்த மன்னார்க்காரி சிரித்தாள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனீ, இஞ்சை வந்து அதையே கதைக்கிறாய்!"

"கதைக்க ஒரு ஆள் வேணுமெல்லோ," என்றேன்.

போன கிழமையும் வழக்கம்போலக் கேட்டேன்: "சுவிஸ்காரன் துவக்குத்தானே?"

"ஸீ, ஸீ," என்று ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு சூப்பைக் குடித்தார்.

திட்டு வரவில்லை. "இல்லை சிஞ்ஞோர், அவர் மெக்சிக்கோக்காரர்," என்று தொடங்கி, வாயு, விலை, விமானி எல்லாவற்றையும் நானே அவருக்குச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி ஆர்வமாகக் கேட்டார்.

"யார் உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"முந்தி இந்த வீட்டில் இருந்த ஒருவர்."

"நல்ல மனிதர் போல," என்றார். "இனி வருவாரா?"