ஒரு வரி மேலே

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் அந்த மானிட்டர் ஆய்வகத்தில் நாள் முழுக்க ஓடியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு மணி நேரத்தில் உறைந்தது. பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நின்றது.

அதன் டிரைவரை, அதாவது சென்சாரும் சிப்பும் ஒரே கம்பியில் பேசிக்கொள்ள வைக்கும் நிரலை, எழுதியவர் ஜகந்நாதன். ஐம்பத்தொன்பது வயது. டெல்லியில் ஆர்.கே.புரத்திலிருந்து ஓக்லாவிலுள்ள கம்பெனிக்கு பஸ்ஸில் வருவார். அங்கே அவரை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது.

"பத்து மில்லிசெகண்ட் டிலே போட்டாச்சு சார். இப்ப ஹேங்க் ஆகல. டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க," என்றார் மேலாளர் ரமேஷ்குமார். மதுரைக்காரர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"ஏன் ஹேங்க் ஆகலை?"

"ஓடுதுல்ல, அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை டெலிவரி. நீங்க போடலன்னா, உங்க கான்ட்ராக்ட் வேண்டாம்னு நான் கையெழுத்துப் போடுவேன்."

"அதையாவது படிச்சுப் பாத்துட்டுப் போடு," என்றார் ஜகந்நாதன், ஒருமையில்.

நிரலின் ஆய்வகப் பிரதியைத் திறந்தார். ஒவ்வொரு முறை சென்சாரைக் கேட்பதற்கு முன்பும் திரையில் ஒரு வரி அச்சிடும் கட்டளை இருந்தது. வேவு பார்க்க அவரே வைத்தது. டெலிவரி பிரதியில் அதை எடுத்தவரும் அவரே. அச்சிடும் நேரம் சென்சாரைத் தாமதப்படுத்தியிருக்கிறது. அது போனதும் சிக்னல்கள் நெருங்கி வந்தன. முதல் சிக்னலைக் கவனித்து முடித்துக் கடைசியில், சிக்னல் வந்ததைக் குறித்துவைக்கும் கொடியை அழிக்கும்போது, இடையில் வந்த இரண்டாவதும் சேர்ந்து அழிந்தது. வந்துபோன சிக்னலுக்காக மானிட்டர் காத்து நின்றது.

அழிக்கும் வரியைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஏற்றினார். இனி இடையில் வருவது அழியாது.

"தப்பு என்னோடது. மூணு நாள் ஓட்டிப் பாக்கணும்."

"அரே வாஹ்! இத்தனை நாள் எங்களைத்தானே முட்டாள்னு கத்தினீங்க? டிலேயோட போகட்டும். போடுங்க."

கையெழுத்துக் கட்டத்தில் ஜகந்நாதன் எழுதினார்: 'என் பிழை. திருத்தாமல் இதை நோயாளிக்கு மாட்டக் கூடாது.'

வெள்ளிக்கிழமை லாரி கிளம்பவில்லை. திங்கட்கிழமை, திருத்தியதோடு போனது. மாதக் கடைசியில் அவரும் போனார். யாரும் வாசல்வரை வரவில்லை.

மறு பிப்ரவரியில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலைமாட்டில் ஏதோ கம்பெனியின் மானிட்டர். அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"நம்பர் மாறறதா பாரு," என்றார் மகள் மேதாவிடம்.

"மாறறதுப்பா."

மாறிக்கொண்டுதான் இருந்தது. எண்பத்தெட்டு. எண்பத்தொன்று. எழுபத்துநான்கு.